கற்பனைக்கு ஒன்பதரை

ஜன்னல் ஓரத்தில் நீங்களே உட்காருங்கள். கோவில்பட்டி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். முகத்தில் வெயில் அடித்தாலும் எனக்கு ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்றீர்களே, பேப்பரில் பார்த்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமைப் பேப்பர், ஐந்தாம் பக்கம். சுவர் இடிந்த பள்ளிக்கூடத்தின் தமிழாசிரியை சௌந்தரவல்லி நான்தான். படத்துக்குக் கீழே ‘கண்ணீர் மல்கக் கூறினார்’ என்று நிருபர்ப் பையன் போட்டிருந்தான். நான் கண்ணீர் மல்கவில்லை. மூக்குக் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியிருக்கிறது. அந்தப் பையன் அதற்குத் தானாக ஒரு காரணம் கற்பித்துக்கொண்டான். இயல்பாக நடக்கிற ஒன்றின் மேல் நம் மனத்திலிருக்கிற காரணத்தை ஏற்றிச் சொன்னால் அதற்குத் தமிழில் தற்குறிப்பேற்ற அணி என்று பெயர். அந்த அணியால்தான் இவ்வளவும் வந்தது. அணியின் மேல் குற்றம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஏழாம் வகுப்புக்கு அணியிலக்கணத்தை நான் நடத்துகிற மாதிரி இந்தச் சுற்று வட்டாரத்தில் நடத்துகிறவர்கள் இல்லை. இது பெருமை அல்ல, தகவல். மற்றவர்கள் இலக்கணத்தை எழுதிப் போட்டு, பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்வார்கள். நான் விளையாட விடுவேன். ஆமாம், நான்தான். என் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு நம்பிக்கை வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை.

உவமைக்கு ஒரு விளையாட்டு. ‘பால் போன்ற நிலா’ என்று எவனாவது எழுதினால், அந்த உவமை செத்துவிட்டது என்று வகுப்பில் அறிவிப்பேன். எழுதியவன் அதற்குக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் தயாரிக்க வேண்டும். நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டுகிறார்களே, அதே மாதிரி. கறுப்பு ஓரம், நடுவில் படம், ‘மறைவு: நேற்று மூன்றாம் பீரியட்’, கீழே ‘ஆழ்ந்த துயரத்தில் உற்றார் உறவினர்’. ‘தாமரை முகம்’ செத்த அன்று நாற்பத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் காத்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் சிரித்தால் விளையாட்டு கெட்டுவிடும்.

உயர்வு நவிற்சிக்குப் பொய்ப் போட்டி. எவன் பெரிய பொய் சொல்கிறானோ அவனுக்கு அன்றைக்கு முதல் பெஞ்சு. தற்குறிப்பேற்றத்துக்கு என்ன விளையாட்டு என்றால், அந்தப் பீரியடில் எவனும் வெறும் செய்தி சொல்லக் கூடாது. செய்தி சொல்வதற்குச் செய்தித்தாள் இருக்கிறது. ‘கணக்கு சாரின் சைக்கிள் பஞ்சர்’ என்பது செய்தி. ‘அவர் இன்றைக்குப் பரீட்சை வைக்கப் போகிறார் என்று தெரிந்து, சைக்கிள் மூச்சை அடக்கிப் படுத்துவிட்டது’ என்பது அணி. வெறும் செய்தி சொன்னவர் எழுந்து நின்று, அதற்கு ஒரு காரணம் கற்பித்துச் சொன்ன பிறகுதான் உட்காரலாம். பிள்ளைகள் இதற்காகக் காத்துக் கிடப்பார்கள். என்னிடம் அவர்களுக்குப் பயம் கிடையாது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் ஒரு சத்தம் இருக்காது, அவ்வளவு ஈடுபாடு.

பொன்மாரி என்று ஒரு பெண். கடைசி பெஞ்சு. சாதாரணமாகப் படிக்கிறவள்தான், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் மகள். எங்கள் பள்ளியில் பெஞ்சுகளை எல்லாம் தரையில் சிமென்ட் போட்டுப் பதித்திருக்கும்; பிள்ளைகள் இழுத்துப் போட்டுச் சத்தம் பண்ணக் கூடாது என்று தாளாளர் அருணகிரி செய்த ஏற்பாடு. அவர்தான் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரர் மாதிரி. பொன்மாரியின் பெஞ்சுக்குப் பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி.

ஆடி மாதத்தில் ஒரு நாள், விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது இவள் எழுந்தாள்.

“டீச்சர், சொவரு சாயுது டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. வெறும் செய்தி! விதியை மீறிவிட்டாள். நான் சொன்னேன்: “நில். சுவர் ஏன் சாய்கிறது? அதற்கு ஒரு மனம் கொடு. காரணம் கற்பித்துவிட்டு உட்கார்.”

“இல்ல டீச்சர், நெசமாவே…”

“நிஜம் அடுத்த பீரியடில். இது என் பீரியட்.”

நின்றாள். மணி அடிக்கும் வரை நின்றாள். மற்றவர்கள் சொல்லிச் சொல்லி உட்கார்ந்தார்கள். மதிய மணி சீக்கிரம் அடிப்பதற்குக் காரணம், மணிக்கே பசி என்றான் ஒருவன். இவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாள் நான் வராந்தாவில் போகும்போது மறுபடியும் வந்து, “டீச்சர், அந்தச் சொவரு…” என்றாள். “எழுதிக் கொண்டு வா” என்றேன். எழுத வைப்பதுதானே என் வேலை?

எழுதிக் கொண்டு வந்தாள். அதை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன், மனப்பாடமாக இருக்கிறது. ‘எங்கள் வகுப்புச் சுவருக்குக் காது மந்தம். டீச்சர் நடத்துகிற பாடம் அதற்குச் சரியாகக் கேட்கவில்லை. அதனால் அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் குனிகிறது. போன திங்கட்கிழமை என் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இருந்தது. இந்தத் திங்கட்கிழமை மூன்று விரல்தான். சுவரே, நீ அங்கேயே நின்று கேள். டீச்சர் சத்தமாகத்தான் பேசுவார்கள்.’

எப்படி? பன்னிரண்டு வயதுப் பெண். அவளுடைய அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ‘காது மந்தம்’ என்ற இடத்தைப் பாருங்கள். இருக்கிற ஒரு நிகழ்ச்சி, அதன் மேல் ஏற்றிய ஒரு காரணம், முடிவில் சுவரை விளித்து ஒரு பேச்சு. முப்பத்தொரு வருஷத்தில் பத்துக்குப் பத்து நான் எவருக்கும் போட்டதில்லை. இவளுக்கு ஒன்பதரை போட்டேன். அரை ஏன் குறைந்தது என்றால், அந்த விரல் கணக்கு. அணியில் அளவு வரக் கூடாது; வந்தால் அழகு கெட்டுவிடும். அந்த இரண்டு வரியையும் சிவப்பு மையால் அடித்து, ‘தேவையற்றது’ என்று எழுதினேன். கீழே ‘மிகச் சிறந்த கற்பனை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தேதியும் போட்டேன். நான் தேதி போடாமல் கையெழுத்துப் போடுகிறவள் அல்ல.

வகுப்பில் எல்லாருக்கும் வாசித்தும் காட்டினேன். கை தட்டினார்கள். அவள் மட்டும் பின்னால் திரும்பிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம் என்று நினைத்தேன்.

நான் கையெழுத்துப் போட்ட பதினோராம் நாள் சுவர் விழுந்தது. சாயங்காலம் ஐந்து மணி, பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். ஆயா சீனியம்மாள் மட்டும் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். வலது கால், முழங்காலுக்குக் கீழே. எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்தேன். பாசத்தினால் அல்ல, தமிழ் அலமாரிச் சாவி அவளிடம் இருந்தது. முதல் தடவையே சாவியைக் கொடுத்துவிட்டாள். அப்புறம் நாலு தடவை போனது வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது.

அங்கேதான் எனக்கு விஷயம் தெரிய வந்தது. தாளாளர் அவளை வேலையிலிருந்து நிறுத்தி, போலீசிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தினமும் கழுவின தண்ணீரைச் சுவரின் அடியில் கொட்டிக் கொட்டி அவள்தான் அஸ்திவாரத்தை இளக்கிவிட்டாளாம். தொட்டி ஒழுகியதைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சுவர் ஒரே நாள் மழையில் திடீரென்று விழுந்ததாம். அதற்கு முன்னால் எவருக்கும் எதுவும் தெரியாதாம்.

“நான் தண்ணிய வேப்பமரத்து மூட்டுலதான் டீச்சர் ஊத்துவேன்” என்றாள் சீனியம்மாள். “காலு போனா போட்டும். நானே சொவத்தத் தள்ளுன மாதிரில்லா எழுதியிருக்காக. எம் பேரப்பிள்ளைக அங்கதான டீச்சர் படிக்குது? அதுக கிட்ட நாலு பேரு கேக்க மாட்டாகளா?”

அவள் போர்வையைச் சரி செய்துவிட்டு வந்தேன். கோணலாகக் கிடந்தது.

அப்புறம் வருவாய்க் கோட்டாட்சியர், ஆர்.டி.ஓ. அம்மா, விசாரணைக்கு வந்தார்கள். இளம் வயது, நல்ல தெளிவு. பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். பொன்மாரி எழுந்து, “நான் நோட்டுலயே எழுதியிருக்கேன் மேடம், டீச்சர் கையெழுத்துப் போட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை நோட்டோடு எல்லாரும் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அருணகிரி என் வீட்டுக்கு வந்தார். அவர் தாளாளராக வந்த பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. பொன்மாரியிடமிருந்து வாங்கிய அந்த நோட்டை அவர் கொஞ்சமும் மறைக்கவில்லை, பாருங்கள். அதைக் கையிலேயே கொண்டு வந்திருந்தார்.

“டீச்சர், நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். நான் அப்படிப்பட்டவன் இல்ல. நீங்க போட்ட மார்க்கை நீங்க சொன்னாப் போதும். இது கற்பனை. மிகச் சிறந்த கற்பனை. உங்க கையெழுத்து. சின்னப் பிள்ளை பாடத்துக்காக எழுதினதை வச்சு யாரும் கேஸ் நடத்த முடியாதில்லா?”

“யோசிக்கிறேன்” என்றேன்.

“யோசிக்க என்ன டீச்சர் இருக்கு? நீங்க போட்ட மார்க்கை நீங்களே தப்புன்னு சொல்லுவிங்களா? உங்களைப் பத்தித் தெரியாதா எனக்கு?”

தெரியும். இந்த ஊருக்கே தெரியும். நான் போட்ட மார்க்கை இதுவரை திருத்தியதில்லை. பஞ்சாயத்துத் தலைவர் வந்து கேட்டிருக்கிறார், ஹெட்மாஸ்டர் தம் மகளுக்காக வந்து நின்றிருக்கிறார். இல்லை என்றால் இல்லை. என் சொந்த மகன் என் வகுப்பில்தான் படித்தான்; காலாண்டுத் தேர்வில் முப்பத்துநாலு எடுத்தான். ஒரே ஒரு மார்க் என்று அவனுடைய அப்பா ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். நான் போடவில்லை. ஒரு மார்க் என்பது ஒரு மார்க். அவன் இப்போது துபாயில் நன்றாக இருக்கிறான். வேலை அதிகம், ஆறு வருஷமாக ஊருக்கு வர நேரமில்லை. அது வேறு.

அருணகிரி சொன்னதில் ஒரு தர்க்கப் பிழை இருக்கிறதா என்று நாள் முழுதும் தேடினேன். இல்லை. நான் போட்ட மார்க் உண்மை, கையெழுத்து உண்மை, தேதி உண்மை. அதைச் சொல்வது பொய் ஆகாது. அந்த மனிதருக்குத் தமிழ் வராது. ஆனால் என்னை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை போனேன். பொன்மாரியும் அவளுடைய அம்மாவும் ஓர் ஓரத்தில் நின்றார்கள். சீனியம்மாளின் மகன் வந்திருந்தான். அருணகிரி எழுந்து, நோட்டை மேஜை மேல் விரித்து வைத்து, “டீச்சரே கற்பனைன்னு எழுதி மார்க் போட்டிருக்காங்க மேடம். எங்க ஸ்கூல்ல கிரியேட்டிவ் ரைட்டிங்குக்கு ரொம்ப முக்கியத்துவம் கொடுக்கிறோம்” என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அதே மனிதர் போன வருஷம், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் சாவு வீடு நடத்துகிறேன் என்று எனக்கு மெமோ கொடுத்தவர்.

ஆர்.டி.ஓ. அம்மா வாசித்தார்கள். இரண்டு தடவை வாசித்தார்கள். அப்புறம் நோட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சிவப்புக் கோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள்.

“இங்க என்ன டீச்சர் எழுதியிருக்கு? நீங்க அடிச்சிருக்கிங்க, சரியாத் தெரியல.”

நான் சொன்னேன். நாலு விரல், மூன்று விரல்.

“இதை எதுக்கு அடிச்சிங்க?”

“அணியில் அளவு வராது.”

அவர்கள் நோட்டை மேஜை மேல் வைத்தார்கள். “நான் தமிழ் மீடியம்தான் டீச்சர். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது கற்பனையா, இல்ல அந்தப் பிள்ளை பாத்ததா?”

அருணகிரி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், சொல்லுங்கள் என்று. எனக்குக் கோபம் வந்தது. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைக்கு அடுத்த பெஞ்சுக்காரன் எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஓர் அசைப்பு. எனக்கு எடுத்துக் கொடுக்க இவர் யார்?

“நோட்டைக் கொடுங்கள்” என்றேன். பைக்குள்ளிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒன்பதரையை அடித்தேன். பூஜ்யம் போட்டேன். ‘மிகச் சிறந்த கற்பனை’ என்பதையும் அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: ‘இதில் கற்பனை எதுவும் இல்லை. மாணவி கண்டதை எழுதியிருக்கிறாள்.’ கையெழுத்து, அன்றைய தேதி.

“மேடம், ரெக்கார்டைத் திருத்துறாங்க! கண்ணு முன்னால திருத்துறாங்க!” என்று அருணகிரி எழுந்துவிட்டார்.

“அவங்க போட்ட மார்க்கை அவங்க திருத்துறாங்க. தேதி போட்டிருக்காங்கல்லா? நீங்க உக்காருங்க.” அப்புறம் என் பக்கம் திரும்பினார்கள். “அப்போ, சுவர் விழுறதுக்குப் பதினோரு நாள் முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“தெரியவில்லை. சொல்லப்பட்டது. இரண்டும் வேறு வேறு.”

“சொன்னதை நீங்க யாருகிட்டயும் சொல்லல.”

“சொல்லவில்லை. எழுதிக் கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி நாலு வருஷமாக ஒழுகுகிறது, அதையும் எழுதிக் கொள்ளுங்கள். சீனியம்மாள் வேப்பமரத்தடியில்தான் தண்ணீர் ஊற்றுவாள். என் வகுப்பு ஜன்னலுக்கு நேரே அந்த மரம். தினமும் பார்த்திருக்கிறேன். இது செய்தி.”

எழுதிக்கொண்டார்கள். சீனியம்மாளின் மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்று அங்கேயே அருணகிரியிடம் சொன்னார்கள். தொட்டியைப் பழுது பார்த்த காகிதம் எங்கே என்று கேட்டார்கள். அவரிடம் காகிதம் இல்லை. மறுநாளே எனக்குத் தற்காலிகப் பணி நீக்கம் வந்துவிட்டது: ஆபத்தை அறிந்தும் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவில்லை. அதற்குத்தான் பதில் எழுதிக் கல்வி அலுவலகத்தில் கொடுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். நாலு பக்கம். மன்னிப்பு என்ற சொல் அதில் ஓர் இடத்திலும் கிடையாது. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான், கொஞ்சம் பணிந்து எழுதக் கூடாதா என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். பணிந்து எழுதுகிற நடை எனக்கு வராது. அந்த விளையாட்டை நடத்தியிருக்கவே கூடாது என்று கல்வி அலுவலகத்தில் சொன்னால், அதற்கு என்னிடம் இன்னும் நாலு பக்கம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சுவரைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தது யார்? ஒன்றைப் பார், உற்றுப் பார், அது என்ன செய்கிறது என்று பார் என்று சொன்னது நான்தானே?

அவள் அதற்கு முன்பே பார்த்துவிட்டாள் என்கிறீர்களா? இருக்கலாம்.

இன்னும் ஒன்று. விசாரணை முடிந்து வெளியே வந்ததும் பொன்மாரி என் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய அம்மா, “வாட்டீ, டீச்சர்கிட்ட என்ன பேச்சு” என்று கையைப் பிடித்து இழுத்தாள். இவள் அசையவில்லை. பூஜ்யத்தைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். ஒன்பதரை போனால் எந்தப் பிள்ளைக்கும் அழுகை வரும். இது உனக்கு நான் போட்ட மார்க் அல்ல என்று சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை மனத்தில் அமைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் மார்க்கைப் பற்றிக் கேட்கவில்லை.

“சும்மா சொன்னப்பவே கேட்டிருக்கலாம்லா டீச்சர்? சீனியம்மா ஆயாவுக்குக் காலு இருந்திருக்கும்.”

நல்ல வாக்கியம். தெளிவான வினா. முப்பத்தொரு வருஷத்தில் எந்தப் பிள்ளை என்னிடம் பேசினாலும் திருத்துவதற்கு ஓர் இடம் எனக்கு அகப்படும். அதில் அகப்படவில்லை.

“கேட்டிருக்கலாம்” என்றேன்.

தலையை ஆட்டினாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். வணக்கம் சொல்லவில்லை. வேறு பிள்ளையாக இருந்திருந்தால் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைத்திருப்பேன்.